அண்ணை பார்த்த அம்மா

வீடியோ வேலையில் எது பிழையாகப் போனாலும் முதலில் வயரைத்தான் பார்க்க வேண்டும். கணினியைக் குறை சொல்வதும் மென்பொருளைத் திட்டுவதும் பிறகு. மருதனார்மடம் சந்தியில் இந்த ஸ்ரூடியோவைத் திறந்த நாளிலிருந்து நான் கண்ட உண்மை இது. நீ அந்தக் கதிரையிலேயே இரு, ஆரபி. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். அவசரப்பட்டால் பாதி விளங்காது, பிறகு உன் அப்பாவிடம் போய்ப் பிழையாகச் சொல்லுவாய். அவர் கீழே வான் வண்டிக்குள் இருப்பது எனக்குத் தெரியும். படியேறி வர மனமில்லாமல் மகளை அனுப்பியிருக்கிறார். எதையும் ஆள் வைத்துப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். பெற்ற தாயையும் அப்படித்தான் பார்த்தார்.

இந்த மேசையில் இருப்பதுதான் என் தொழில். இடப்பக்கம் பழைய கசற் ஓடும் டெக். நடுவில் சின்னக் கறுப்புப் பெட்டி. டெக்கிலோ கமராவிலோ ஓடும் படத்தை உள்ளே இழுத்துக் கணினிக்குக் கொடுப்பது அதன் வேலை. கப்சர் பெட்டி என்போம். வலப்பக்கம் கணினிக்கு இரண்டு திரை. ஒன்றில் வெட்டுவேன், மற்றதில் வெட்டியது ஓடும். வெளிநாட்டுச் சனம் விடுமுறைக்கு வரும்போது பழைய கலியாணக் கசற்றுகளைப் பையில் போட்டுக்கொண்டு வரும். பூஞ்சணம் துடைத்து, ஓடவிட்டு, உள்ளே எடுத்துக் கொடுப்பேன். செத்துப்போன தகப்பன் பந்தியில் சோறு பரிமாறுவதைப் பார்த்து நீ இருக்கிற கதிரையில் இருந்து அழுதவர்கள் பலர். படம் ஓடினால் அவர்களுக்கு ஆள் இருக்கிற மாதிரி.

பண்டத்தரிப்பு வீட்டில் அம்மாவின் கட்டிலடியில் நான் பொருத்தி வைத்ததும் இதே ஒழுங்குதான். அதைப் பொருத்த வைத்தவர் உன் அப்பா, என் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், உங்களுக்குக் கனடாவில் காலை, அவர் வீடியோக் கோல் எடுப்பார். முதலில் என் போனைத்தான் அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். கை உளைய உளைய நிற்பேன்.

"டேய், உது என்ன படம்? அம்மான்ரை முகம் பச்சையாத் தெரியுது. ஊருக்கெல்லாம் வீடியோ எடுக்கிறாய், பெத்த தாயை ஒழுங்காக் காட்டத் தெரியேல்லையோ?"

கஜானன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. உன் அப்பாவின் வாயில் நான் 'டேய்'தான். சரி என்று ஸ்ரூடியோவில் இருந்த நல்ல கமராவைக் கொண்டுபோய் அறையில் நிறுத்தினேன். ஒரு விளக்குப் போட்டேன். கப்சர் பெட்டி, கணினி, அம்மா பார்ப்பதற்கு ஒரு பெரிய திரை. அதற்குப் பிறகு அம்மா அண்ணைக்குத் தெளிவாகத் தெரிந்தார். அண்ணை அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்தார். நான் கமராவுக்குப் பின்னால் நின்றேன்.

கதைத்து முடிந்ததும் அம்மா ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் சொல்லுவார். "பிள்ளை நல்லா மெலிஞ்சு போச்சு. அங்கை ஆர் அவனைப் பாக்கிறது?" அந்த நேரம் நான் அம்மாவின் கால்மாட்டில் குந்தியிருந்து மூத்திரக் கோப்பையை எடுத்துக்கொண்டிருப்பேன். என் கன்ன எலும்பு தெரிவதை எங்கள் தெருவில் மீன் விற்கிறவர்கூடச் சொல்லிக் கவலைப்பட்டார்.

நாங்கள் கடல் ஆட்கள். மயிலிட்டியை விட்டு எழும்பி வந்து எத்தனை வீடு மாறினாலும் மீன் இல்லாமல் அம்மா சமைத்ததில்லை. பாரை மீன் தலை என்றால் மூத்தவனுக்கு. அண்ணை கனடாவுக்குப் போன பிறகும் தலை எனக்கு வரவில்லை. "அவன் தின்னுறதைப் பாத்த கண்ணாலை வேறை ஒருத்தன் தின்னப் பாக்கேலாது" என்று சொல்லி அம்மா அதைப் பூனைக்கு வைப்பார். வேறை ஒருத்தன் என்றது என்னைத்தான். இதைச் சின்ன விஷயம் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். அந்தப் பூனை கொழுத்துப்போய் மதிலில் ஏறமாட்டாமல் திரிந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

முதல் தடவை நடந்தது தற்செயலாகத்தான். ஒரு ஞாயிறு அம்மாவுக்கு வயிறு சரியில்லை. படுக்கை முழுக்க நாசம். நான் கழுவிக்கொண்டு நிற்கிறேன், அண்ணை விட்டு விட்டு எடுக்கிறார். உங்கள் வீட்டில் அன்றைக்கு ஆட்கள் கூடியிருந்தார்கள். தாயை அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். போன கிழமை கதைத்ததைக் கணினி பதிந்து வைத்திருந்தது. கையைத் துடைத்துவிட்டு அதை ஓடவிட்டேன். பேசுகிற மென்பொருள் எந்தக் கமரா என்று மட்டும்தான் கேட்கும். கமராவின் இடத்தில் நான் ஓடவிட்ட படத்தைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டது.

"பாருங்கோ, அம்மா என்ன மாதிரிச் சிரிக்கிறா எண்டு" என்று அண்ணை எல்லோருக்கும் காட்டினார். எல்லோரும் கையசைத்தார்கள். நீயும் பின்னால் நின்று கையசைத்தாய், மஞ்சள் சட்டை போட்டிருந்தாய். எனக்கு முன்னால் உண்மையான அம்மா ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு, "ஆர், செல்வனோ? இஞ்சாலை கொண்டா" என்று கை நீட்டினார். லைன் அறுந்து போச்சு அம்மா என்றேன். எனக்கு அன்றைக்கு மனம் லேசாக இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை.

நீ கையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் சொல்ல இருக்கிறது.

பிறகு நான் அதை ஒழுங்காகச் செய்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. அம்மா தெளிவாக இருக்கிற காலை வேளைகளில் கமராவைப் போட்டுவிட்டுக் கதை கொடுப்பேன். அவர் 'ஓம்' என்று தலையாட்டுவது, 'சாப்பிட்டன்' என்பது, 'பிள்ளையள் என்ன செய்யுதுகள்' என்பது, சிரிப்பது, கண்ணைத் துடைப்பது எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டி வைத்தேன். அண்ணை ஒன்று கேட்டால் அதற்கு ஏற்றதை ஓடவிடுவேன். இடையில் கொஞ்சம் தாமதம் வந்தால் யாழ்ப்பாணத்து இணையம் அப்படித்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். நீ வீடியோ படித்த பிள்ளை, இது எப்படிப் பிடிபடாமல் போனது என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கு ஆச்சரியமில்லை. உன் அப்பா வருடக்கணக்காகத் தாயிடம் கேட்டது சாப்பிட்டீங்களோ, மருந்து குடிச்சனீங்களோ, உவன் வடிவாப் பாக்கிறானோ என்ற மூன்று கேள்விதான். நாலாவது ஒன்று கேட்டிருந்தால் நான் பிடிபட்டிருப்பேன். கேட்கவில்லை.

கலியாண வீடியோவில் மாப்பிள்ளையின் சால்வை ஒரு வெட்டுக்குள் தோள் மாறினால் பார்க்கிறவனுக்கு உறுத்தும். அதனால் அம்மாவுக்கு ஒரே நிறத்தில் நைற்றிகள் வாங்கினேன். ஒரே விரிப்பு. சுவரில் தொங்கிய கலண்டரையும் மணிக்கூட்டையும் கழற்றினேன். விளக்கை அசைக்கவே இல்லை.

பிறகு அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டை கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ. வந்து பாக்க வேண்டிய ஆக்களுக்குச் சொல்லிவிடுங்கோ" என்றார். வந்து பார்க்க வேண்டிய ஆட்கள். நான் அவருக்கு முன்னால் நிற்கிறேன், அம்மாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன். தகப்பனுக்குத்தான் மூத்தவன். அப்படிப் பார்த்தால் அண்ணை வந்து ஆக வேண்டிய காரியம் எதுவும் இருக்கவில்லை. அதனால் சொல்லவில்லை.

ஊரில் இருந்து யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அம்மாவுக்கு ஏலாது என்று. அந்த ஞாயிறு எடுத்தார். "அம்மா, நான் இந்த மாசக் கடைசியிலை வரப்போறன். லீவும் கேட்டிட்டன்." அம்மாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு நான் கூடத்தில் கணினியோடு இருந்தேன். அம்மா உள்ளே முனகுவது கேட்டது.

அதற்கு என்னிடம் ஒரு துண்டு இருந்தது. பக்கத்து வீட்டுத் தக்சாயினியை உனக்குத் தெரியும், அம்மாவைக் குளிப்பாட்ட வந்து உதவுகிற பிள்ளை. ஒருநாள் அவள் மழைக்குள் நனைந்துகொண்டு வந்தபோது அம்மா சொன்னது. "வேலை வெட்டியை விட்டிட்டு வராதை ராசாத்தி. நான் நல்லாத்தான் இருக்கிறன்." ராசாத்தியில் கடைசி எழுத்துகளை நறுக்கினால் அது ராசா. மகனுக்குச் சொன்ன மாதிரியே இருக்கும். அதை ஓடவிட்டேன்.

உன் அப்பாவின் கண் கலங்கியது. "உங்களைப் போலை ஒரு தாய் ஆருக்குக் கிடைக்கும்" என்றார். "சரி அம்மா. ஆரபின்ரை பட்டமளிப்பு முடியட்டும், எல்லாருமா வாறம்." பிறகு ஊரில் யார் எடுத்துச் சொன்னாலும், "நான் இப்பதானே கண்டு கதைச்சனான், சிரிச்சுக்கொண்டு இருக்கிறா" என்று அவர்களையே ஏசினாராம். சாகக் கிடக்கிற தாய் வராதே என்று சொன்னால் மனமுள்ள மகன் அடுத்த விமானத்தில் ஏறுவான். நான் அவரைக் கட்டி வைக்கவில்லை. ஒரு சின்னத் துண்டு வீடியோ போதுமாக இருந்தது அவருக்கு. பட்டமளிப்புப் படங்கள் பார்த்தேன். நல்ல தெளிவு. நீ வடிவாக இருந்தாய்.

அம்மாவையும் நான் வெறுமையாக விடவில்லை. நேரே கதைக்க விட்டால் இழுத்த வாயை அண்ணை கண்டுவிடுவார். ஆகவே அம்மாவுக்கு அண்ணையை ஓடவிட்டேன். முந்தி ஒருமுறை அவர் கதைத்தது பதிவில் இருந்தது. "அடுத்த மாசம் வாறன் அம்மா. கட்டாயம் வாறன்." இதில் என் பொய் ஒரு சொல்லும் இல்லை. எல்லாம் அவர் தன் வாயால் சொன்னது. நான் திரும்ப ஓடவிட்டேன், அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகு அம்மா இரண்டு கரண்டி கஞ்சி கூடக் குடிப்பார். தலையை வாரி இழுத்து விடச் சொல்லுவார், அவன் வாற நேரம் பரட்டையாக இருக்கக்கூடாதாம். நான் இழுத்து விட்டேன். அந்த நீளத் தலைமயிரை வாரம் முழுக்கச் சிக்கெடுத்தவன் நான்.

இப்போது நீ கேட்ட தலைமயிர்க் கதைக்கு வருகிறேன். தலைமயிரைத் தக்சாயினிதான் வெட்டினாள். நான் ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டுக்கு வீடியோ எடுக்கப் போயிருந்த பகல். படுக்கையில் உரசி உரசிச் சடை பிடித்து, தொட்டால் அம்மா கத்துகிற நிலை. நல்ல மனதோடுதான் வெட்டினாள், கழுத்து மட்டத்துக்கு மேலே. நான் வந்தபோது அம்மா தடவிப் பார்த்துக்கொண்டு, "செல்வன் வந்தா என்னைத் தெரியாதெண்டு போயிடுவான்" என்று அழுதார். நான் பெரிதாக எடுக்கவில்லை. என்னிடம் இருந்த துண்டுகளில் எல்லாம் தலைமயிர் இருந்தது.

அம்மா என்னைப் பிடித்தார். நீ வந்து பிடிக்க முதலே அவர் பிடித்துவிட்டார். ஒரு ஞாயிறு பின்னேரம் வழமைபோல அண்ணையை ஓடவிட்டேன். அடுத்த மாசம் வாறன் அம்மா. அம்மா திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, உவன் போனமுறையும் உந்தச் சேட்டுத்தானே போட்டிருந்தவன்."

அம்மாவின் நைற்றியைக் கவனித்த நான் அண்ணையின் சட்டையைக் கவனிக்கவில்லை. அம்மா கோபிக்கவில்லை. இழுத்த வாயால் மெல்ல மெல்லச் சொன்னார்.

"எனக்குத் தெரியும் மோனை. உது படம். அதை நிப்பாட்டு. ஒருக்கால் அவனை உண்மையா எடுத்துத் தா. ஒருக்கால் காணும்."

அந்த நேரம் பார்த்து உன் அப்பா எடுத்தார். மணி அடிப்பது அம்மாவுக்கும் கேட்டது. முகம் அப்படி மலர்ந்ததை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. என்னைப் பார்த்து ஒருநாளும் அந்த முகம் அப்படி மலரவில்லை. கோபமா என்று வந்த உடனே கேட்டாயே. ஓம், கோபம். படுக்கைப் புண்ணைத் துடைத்தது இந்தக் கை. கஞ்சி ஊட்டியது இந்தக் கை. காலை, மதியம், பின்னேரம் என்று அவர் பார்த்துக்கொண்டு கிடந்தது இந்த முகம். இத்தனையும் போதாத அம்மாவுக்கு, ஒரேயொரு தரம் அண்ணையைக் கண்டால் போதுமாம். என் உடம்பு முழுக்க எரிந்தது. இப்போதும் எரிகிறது.

கமராவை அம்மாவுக்கு நேரே திருப்பினேன். கப்சரைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. "கதையுங்கோ அம்மா, அண்ணை லைனிலை நிக்கிறார். இணையம் சரியில்லை, அவரை உங்களுக்குத் திரையிலை தெரியாது, சத்தமும் வராது. ஆனா நீங்கள் கதைக்கிறது அவருக்கு வடிவாக் கேக்கும்" என்றேன். ஹெட்போனை என் காதில் மாட்டிக்கொண்டேன். அண்ணை லைனில் நின்றது உண்மைதான்.

அம்மா கதைத்தார். மூச்சு வாங்கி வாங்கி, அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் கதைத்தார். மகனுக்குச் சொல்ல வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னார். அதே நேரம் என் காதுக்குள் அண்ணை, "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்றார். நீளத் தலைமயிரோடு இருந்த மற்ற அம்மா, "ஓம், சாப்பிட்டன்" என்றார். "மருந்து?" "குடிச்சிட்டன்." இரண்டு திரையும் எனக்கு முன்னால் ஓடின. ஒரு பிசகும் வரவில்லை.

கதைத்து முடித்ததும், "கேட்டவனோ?" என்றார் அம்மா. கேட்டவர், அழுதவர் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கிழமை முடிவதற்குள் போய்விட்டார்.

செத்தவீட்டை நானே நேரலையில் விட்டேன். அண்ணை தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்று சவப்பெட்டியின் தலைமாட்டில் நல்ல கமராவை நிறுத்தி நெருக்கமாகப் பிடித்தேன். வெளிச்சம் பிரமாதமாக இருந்தது. இத்தனை மாதத்தில் நான் அவருக்கு அனுப்பிய உண்மையான படம் அது ஒன்றுதான். அதில்தான் நீ கழுத்து மட்டத்துத் தலைமயிரைக் கண்டாய். அதற்கு முந்தின ஞாயிறு பின்னி விட்டிருந்த மயிர் எங்கே போனது என்று யோசித்தாய். கெட்டிக்காரி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த இடத்தில் தக்சாயினியிடம் எப்போது வெட்டியது என்று கேட்டு, இப்போது என்னிடம் வந்து இருக்கிறாய்.

நீ கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். அம்மா அன்றைக்குக் கதைத்த பதிவு எங்கே. அழித்துவிட்டேன். அழித்த இடத்தின் மேல் கலியாண வீடுகளைப் பதிந்து, அதையும் அழித்தேன். எந்த நிபுணரிடம் கொண்டுபோனாலும் வராது. என்ன சொன்னார் என்று கேட்டால், எல்லாம் எனக்குப் பாடம். ஒரு சொல்லும் மறக்கவில்லை. சொல்ல மாட்டேன். உன் அப்பா என் காலில் விழுந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவருக்கு என்று அம்மா வைத்திருந்தது ஒன்று இனி என்னிடம் மட்டும் இருக்கட்டும்.

அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். அது எனக்குரியது. தினமும் காலையில் கடை திறந்ததும் முதலில் அதைத்தான் ஓடவிடுவேன். தொடக்கத்தில் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. செல்வன், செல்வன் என்று இரண்டு தரம் தேவையில்லாமல் கூப்பிட்டிருந்தார். அதை எடுத்துவிட்டேன். இப்போது சுத்தமாக இருக்கிறது. இந்தா, ஹெட்போனை மாட்டு.

"தம்பி பாவம். அவனைக் கோவிக்காதை. தனிய விட்டிடாதை."

கேட்டாயா? கடைசி நேரத்தில் அம்மா நினைத்தது என்னைத்தான். கீழே போய் உன் அப்பாவிடம் அதைச் சொல்லு. வேண்டுமென்றால் இன்னொருமுறை ஓடவிடுகிறேன், வடிவாகக் கேள். அதில் உன் அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை.